சுரண்டிய சிடி

ரெம்பெர்த்தோ மேசைமேல் வைத்த சிடியை, நகல் எடுக்கிற கடைக்காரன் யாமித் குனிந்து பார்த்தான். பெயர் அச்சடித்திருந்த பக்கம் முழுவதையும் உடைந்த கண்ணாடித் துண்டால் யாரோ சுரண்டியிருந்தார்கள். ஒரு எழுத்துகூட மிச்சமில்லை. அவன் சிடியைத் தூக்கி வாசல் வெளிச்சத்தில் பிடித்தான். ஊசியால் குத்தினாற்போல ஏழெட்டு ஓட்டைகள். அவற்றின் வழியாக மத்தியான வெயில் இந்தப் பக்கம் வந்தது.

“தோன், யாரு இதைச் சுரண்டுனது?” என்றான். அங்கே பெரியவர்களை ஐயா என்பதற்குத் தோன் என்பார்கள்.

“நான்தான். ஏன், அழகா இல்லையா?”

வேறு ஆளாக இருந்தால் யாமித் வாயில் வந்ததையெல்லாம் சொல்லியிருப்பான். சிடி விஷயத்தில் அவனுக்கு நாக்கு நீளம் என்று கார்த்தகேனா துறைமுகச் சந்தை முழுக்கப் பேர். ஆனால் எதிரே நிற்பது ரெம்பெர்த்தோ. சாபாலோ என்ற பிக்கோவின் முதலாளி. பிக்கோ என்றால் இரண்டு ஆள் உயர ஒலிபெருக்கிப் பெட்டிகள், முகப்பில் வாயைப் பிளந்த சாபாலோ மீன் ஓவியம். லாரியில் ஏற்றிப் போய் மைதானத்தில் நிறுத்திப் பாட விட்டால் நாலு தெரு தள்ளி அடுப்பில் பானைமூடி ஆடும். பாட்டுத் தொழிலுக்கு வருமுன் இருபது வருஷம் மாட்டுக்கறி வெட்டியவர். கடையை விட்டும் கத்தியை விடவில்லை. முழங்கை நீள வெட்டுக்கத்தி இன்றும் இடுப்பில் தொங்குகிறது. யாமித் வார்த்தையை விழுங்கிக்கொண்டான்.

“எதுக்கு தோன் சுரண்டுனீங்க?”

“போன வாரம் எதிர் பிக்கோ ஒத்தக்கண்ணனோட ஆளு ஒருத்தன், பாட்டுப் போடுற நம்ம டெய்விஸ் தோளுக்குப் பின்னாடி நின்னு எட்டிப் பார்த்திருக்கான். பாடுனவன் பேரு, வாசிச்சவன் பேரு எல்லாம் அதுல இருக்குல்ல? எங்கப்பா முந்நூறு இசைத்தட்டு வச்சிருந்தாரு. அத்தனையும் சுரண்டுன தட்டு. ஒருத்தன் ஒரு பேரு படிச்சதில்ல.”

பிக்கோக்காரர்களுக்கு மானம் என்பதே அடுத்தவனிடம் இல்லாத பாட்டுதான். அதனால் பெயரைச் சுரண்டுவது அங்கே பரம்பரை வழக்கம். பழைய இசைத்தட்டில் பெயர் நடுவில் காகிதத்தில் இருக்கும், பாட்டு சுற்றிலும் பள்ளங்களில் இருக்கும். எவ்வளவு சுரண்டினாலும் பாட்டுக்கு ஒன்றும் ஆகாது. சிடியில் அப்படி இல்லை. பெயர் இருக்கிற பக்கத்தில், வெங்காயத் தோல் மாதிரி ஒரு பூச்சுக்கு அடியிலேயே பாட்டு இருக்கிறது. கீழே பளபளக்கிற பக்கம் வெறும் பிளாஸ்டிக். அப்பா செய்ததைப் பிள்ளை அப்படியே செய்தார். பக்தி இருந்தது, புத்தி இல்லை.

“தோன், கோவிச்சுக்காதீங்க. பாட்டு இந்தப் பக்கம்தான் இருக்கு. நீங்க பேரைச் சுரண்டல. பாட்டைச் சுரண்டியிருக்கீங்க.”

“கதை விடாதடா. பளபளன்னு இருக்குற பக்கத்துலதான் பாட்டு இருக்குன்னு எனக்குத் தெரியாதா?”

“அது கண்ணாடி மாதிரி. பாக்குறதுக்கு மட்டும்.”

ரெம்பெர்த்தோ சிடியை எடுத்து இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். அந்தக் கறுத்த பெரிய முகத்தில் முதல்முறையாகப் பயத்தைப் பார்த்தான் யாமித்.

“ஆறாவது பாட்டுதான் திக்குது,” என்றார் மெதுவாக. “ஞாயித்துக்கிழமை ஒத்தக்கண்ணன் பிக்கோவோட பாட்டு மோதல். ஊரே வரும். அடிப்பிடிச்ச சோறு இல்லாம நான் எப்படிடா போய் நிக்கிறது?”

அடிப்பிடிச்ச சோறு என்பதுதான் அந்த ஆறாவது பாட்டுக்கு ஊர் வைத்த பெயர். இரண்டு வருஷம் முன்பு, கப்பல் பழுதாகி மூன்று வாரம் துறைமுகத்தில் கிடந்த ஒரு கொங்கோ மாலுமி, ரெம்பெர்த்தோவுக்காக ஆறு பாட்டுப் பாடினான். அவன் மொழி யாருக்கும் புரியவில்லை. பல்லவி மட்டும் ஊர்க்காரர் காதில் ‘அடிப்பிடிச்ச சோறு, அடிப்பிடிச்ச சோறு’ என்று விழுந்தது. புருஷன்மார் அதையே சாப்பாட்டு நேரத்தில் பாடி அடி வாங்கினார்கள். பதிவு செய்த இடத்தில் ஒரே ஒரு சிடி எழுதினார்கள். மேசைமேல் கத்தியை வைத்துக்கொண்டு, அங்கிருந்த கணினியில் எல்லாவற்றையும் அழிக்க வைத்துவிட்டுத்தான் ரெம்பெர்த்தோ வெளியே வந்தார். மாலுமி கப்பலோடு போய்விட்டான். ஆக, அந்தப் பாட்டு உலகத்தில் இந்த ஒரு சிடியில்தான் இருந்தது.

“எடுக்குறேன் தோன். கொஞ்சம் பொறுமையா இருங்க,” என்றான் யாமித்.

சந்தையில் நகல் எடுப்பவர்கள் இருபது பேர் இருந்தார்கள். அவர்கள் இடம் மிச்சம் பிடிக்கப் பாட்டை நசுக்கி, சாற்றைப் பிழிந்துவிட்டு, சக்கையை விற்றார்கள். யாமித்தின் தகரக் கூரைக் கடையில் அந்தப் பேச்சே கிடையாது. அவனுடைய இயந்திரம் சிடியின் ஒவ்வொரு துண்டையும் இரண்டு தடவை படிக்கும். இரண்டும் ஒன்றுபோல இல்லாவிட்டால், பதினாறு தடவை வரை விடாமல் திரும்பப் படிக்கும். படித்து முடித்ததும் ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு எண் கணக்கிடும். உலகத்தில் வேறு யாராவது அதே சிடியைப் படித்திருந்தால் அவர்கள் எண் ஒரு பொதுப் பதிவேட்டில் இருக்கும். இரண்டு எண்ணும் ஒத்துப்போனால் நகலில் ஒரு துளி குறையில்லை என்று அர்த்தம். அந்த வரி திரையில் பச்சையாக வரும்போது யாமித்துக்கு வருகிற சந்தோஷம், கட்டிய மனைவி ஓடிப்போகுமுன் அவளிடம்கூட வந்ததில்லை.

முதல் பாட்டு பச்சை. இரண்டாவது பச்சை. ஐந்தாவது வரை பச்சை. ஆறாவதில் இயந்திரம் முக்கி முனகி, பதினாறு தடவை படித்துப் பார்த்துவிட்டு, சிவப்பைக் காட்டியது. ஆனால் யாமித் இருந்த உற்சாகத்தில், சிவப்பைச் சொல்லுமுன் பச்சையைச் சொன்னான்.

“அஞ்சு பாட்டு தங்கம் மாதிரி வந்திருக்கு தோன்! இன்னொருத்தர் எடுத்த நகலோட அச்சு அசலா ஒத்துப்போகுது!”

“இன்னொருத்தரா?”

ரெம்பெர்த்தோ திரைக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

“இன்னொருத்தர்னா யாருடா?”

“பேரு வராது தோன். யாரோ ஒரு ஆளுன்னு மட்டும்தான் காட்டும்.”

“உலகத்துல இருக்குறது ஒரே சிடி. அது என்கிட்ட இருக்கு. அப்ப அந்த யாரோ ஒரு ஆளு எங்கிருந்து நகல் எடுத்தான்?”

ரெம்பெர்த்தோ விரல் விட்டு எண்ணத் தொடங்கியிருந்தார். எண்ண அதிகம் இல்லை. சிடியைத் தொடுகிற ஆட்கள் இரண்டே பேர். ஒருவர் அவர். இன்னொருவன் டெய்விஸ், சாபாலோவில் பாட்டுப் போடுகிறவன். அந்தச் சிடியைச் சட்டைக்குள் வயிற்றோடு கட்டிக்கொண்டுதான் அவன் தூங்குவான். அவன் மகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்தபோது தலையைத் தாங்கிப் பிடித்த ஞானத்தகப்பன் ரெம்பெர்த்தோ. அன்றிலிருந்து இரண்டு பேரும் ஒருவரையொருவர் கொம்பாத்ரே என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள்.

“கொம்பாத்ரே!” என்று வாசலைப் பார்த்துக் கத்தினார். “உள்ள வா. பொம்மையையும் கூட்டிட்டு வா.”

அந்த நொடியில்தான் யாமித்துக்கு உறைத்தது. அந்த யாரோ ஒரு ஆள் அவனேதான்.

இரண்டு வருஷம் முன்பு, சிடி எழுதிய மறுநாள், பதிவு சுத்தமாக இருக்கிறதா என்று பார்க்க ரெம்பெர்த்தோ அதை இங்கேதான் கொண்டுவந்தார். பார்த்துச் சொல்லு, நகல் எடுத்தால் கையை எடுத்துவிடுவேன் என்று சொல்லிவிட்டு, எதிரே முட்டை வைத்துப் பொரித்த அரேப்பா என்ற சோள அடை சாப்பிடப் போனார். பன்னிரண்டு நிமிஷம். ஒரு பொருள் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது என்றால் யாமித்தால் தாங்க முடியாது. அவனுடைய வியாதி அது. நகல் எடுத்தான். யாருக்கும் கொடுக்கவில்லை, யாருக்கும் போட்டுக் காட்டவில்லை. அந்த நகல் பின்கட்டில் அரிசி டப்பாவுக்குள் இருக்கிறது. பழைய கணினி போன மழையில் கூரை ஒழுகி நனைந்து செத்தது. ஆனால் சாகுமுன் அது எண்களைப் பதிவேட்டுக்கு அனுப்பியிருக்கிறது. புதுக் கணினியைப் பதிவேடு வேறு ஆள் என்று நினைத்துக்கொண்டது. தன் நகலைத் தானே சரிபார்த்துவிட்டு, இன்னொருத்தர் என்று பெருமையடித்திருக்கிறான் அறிவுகெட்டவன்.

டெய்விஸ் கையில் உப்பு தூவிய மாங்காயோடு உள்ளே வந்தான். ஒல்லியான ஆள், எப்போதும் சிரித்த முகம். பின்னாலேயே பொம்மை குனிந்து நுழைந்தான். ஒலிபெருக்கிப் பெட்டியை ஒற்றை ஆளாகத் தூக்குகிற அந்த மலைக்கு யார் பொம்மை என்று பெயர் வைத்தார்களோ தெரியாது.

“என்ன கொம்பாத்ரே, சோறு வெந்துருச்சா?” என்றான் டெய்விஸ்.

ரெம்பெர்த்தோ கடையின் இரும்புக் கதவைக் கீழே இழுத்தார். திரும்பும்போதே கத்தி கையில் இருந்தது. வெட்டவில்லை. அதன் அகலப் பக்கத்தால் டெய்விஸின் தோளில் அறைந்தார். மாங்காய் தெறித்துச் சுவரில் மோதியது.

“யாருக்குடா வித்த?”

“எதை?”

இரண்டாவது அடி காதில். மூன்றாவது முழங்காலில். டெய்விஸ் விழுந்தான். விழுந்தவனின் முதுகில் அடி மழையாக இறங்கியது. ஈரத்துணியைக் கல்லில் அறைவதுபோல ஒரே சீரான சத்தம். சட்டை கிழிந்தது, பிறகு தோல் கிழிந்தது.

“ஒத்தக்கண்ணனுக்கா? சொல்லுடா, அவனுக்கா வித்த?”

“என் புள்ள மேல சத்தியம்... நான் விக்கல கொம்பாத்ரே!”

“அந்தப் புள்ள தலையைப் புடிச்ச கைடா இது!”

சொல்லிவிடு, சொல்லிவிடு என்று யாமித்தின் நெஞ்சு அடித்துக்கொண்டது. நாக்கு அசையவில்லை. நகல் எடுத்தால் கையை எடுத்துவிடுவேன் என்ற வார்த்தை காதில் அப்படியே இருந்தது. கை போனால் என்ன மிச்சம்? இன்னும் நாலு அடி அடித்தால் கோபம் தணிந்துவிடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். கோழை இப்படித்தான் கணக்குப் போடுவான். நாலு அடி விழுந்தது. அதற்குப் பிறகும் விழுந்தது.

ரெம்பெர்த்தோ மூச்சு வாங்க நிறுத்தினார். நெற்றி வியர்வையைத் துடைத்தார்.

“பொம்மை, அவன் இடது கையை மேசைமேல வை.”

“முதலாளி...” என்றான் பொம்மை.

“வைடா!”

பொம்மை வைத்தான். அவன் கண்ணில் தண்ணீர் ஓடியது, ஆனாலும் கை உடும்புப்பிடியாகப் பிடித்திருந்தது. டெய்விஸ் திமிறியதில் விசைப்பலகை கீழே விழுந்தது.

“சுண்டுவிரலை மட்டும் எடுக்குறேன். ஞாயித்துக்கிழமை நீ வேலை பாக்கணும்,” என்றார் ரெம்பெர்த்தோ. அதைச் சொல்லும்போது குரலில் அக்கறை இருந்தது. அதுதான் யாமித்துக்கு எல்லாவற்றையும்விட அருவருப்பாக இருந்தது.

மாட்டெலும்பு வெட்டிப் பழகிய கை. ஒரே வெட்டு. விரல் இரண்டாம் கணுவில் அறுந்து, உருண்டு, கணினிச் சுட்டிக்குப் பக்கத்தில் போய் நின்றது. டெய்விஸ் போட்ட அலறலில் வெளியே யாரோ கதவைத் தட்டினார்கள். உள்ளே மோதல் ஒத்திகை நடக்கிறது என்று ரெம்பெர்த்தோ கத்தியதும் போய்விட்டார்கள்.

“இப்ப சொல்லு. யாருக்கு? அடுத்தது மோதிரவிரல்.”

“யாருக்கும்... இல்ல...” டெய்விஸுக்கு உதடு கோணியது. பொம்மையின் பிடிக்குள் மோதிரவிரல் தானாகத் துடித்தது. கத்தி மேலே போனது.

“நான்தான்!” என்று கத்தினான் யாமித். “நான்தான் தோன்! அந்த இன்னொருத்தர் நான்தான்!”

கத்தி மேலேயே நின்றது.

எல்லாவற்றையும் கொட்டினான். அரேப்பா, பன்னிரண்டு நிமிஷம், மழையில் செத்த கணினி, பதிவேடு, அரிசி டப்பா. ரெம்பெர்த்தோவுக்குப் பாதி புரியவில்லை. ஆனால் அரிசி டப்பா புரிந்தது.

“ஆறாவது பாட்டும் அதுல இருக்கா?”

“இருக்கு தோன். முழுசா. ஒரு துளி குறையல.”

ரெம்பெர்த்தோவின் முகம் மலர்ந்தது. விரல் அறுந்து கிடக்கிற மேசைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு அந்த மனிதர் சிரித்தார். பிறகு டெய்விஸைப் பார்த்ததும் சிரிப்பு அரைகுறையாக நின்றது. கத்தியைப் புரட்டிப் பிடியை அவன் பக்கம் நீட்டினார்.

“நான் தப்பு பண்ணிட்டேன் கொம்பாத்ரே. புடி. இந்த நாயோட எந்த விரல் வேணுமோ எடுத்துக்க.”

தன்னுடைய விரலை நீட்ட வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

டெய்விஸ் வலது கையால் கத்தியை வாங்கினான். இடது கையைச் சட்டையில் சுற்றி நெஞ்சோடு அணைத்திருந்தான். ரத்தம் முழங்கை வழியாகச் சொட்டியது. யாமித் தன் இடது கையை மேசைமேல் வைத்தான்.

“உனக்கு எப்பத் தெரியும்?” என்றான் டெய்விஸ்.

“என்ன?”

“அது நீதான்னு. எப்பத் தெரிஞ்சுது? இப்பவா? நான் அடி வாங்கும்போதா?”

இப்போதுதான் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல் வாய்வரை வந்தது. பிறகு சுட்டிக்குப் பக்கத்தில் கிடந்த அந்த விரலைப் பார்த்தான்.

“நீ உள்ள வர்றதுக்கு முன்னாடியே தெரியும்.”

டெய்விஸ் தலையை ஆட்டினான். வீங்கிய காதிலிருந்து ரத்தம் கழுத்துக்கு இறங்கிக்கொண்டிருந்தது.

“கையை எடு,” என்றான். “போய் டப்பாவைக் கொண்டா.”

பொம்மை காவலுக்கு வர, யாமித் பின்கட்டுக்குப் போய் அரிசி டப்பாவோடு வந்தான். அரிசிக்குள் கைவிட்டு, பிளாஸ்டிக் பையில் சுற்றிய சிடியை எடுத்தான். மேலே அவன் ஒரு மீன் படம் மட்டும் வரைந்திருந்தான். ஒரு கீறல் இல்லை.

“ஆறாவது பாட்டுக்கு வேற நகல் இருக்கா? இந்தக் கணினிக்குள்ள?” என்றான் டெய்விஸ்.

“இல்ல. பயந்து ஏத்தல. இது ஒண்ணுதான்.”

“ஓட விடுடா, ஓட விடு!” என்று ரெம்பெர்த்தோ பறந்தார். “கொம்பாத்ரே, உனக்கு நான் டாக்டரைக் கூட்டிட்டு வரேன். ஒரு விரல்தானே, ஞாயித்துக்கிழமை இந்தப் பாட்டு பாடும்போது நீயே மறந்துருவ.”

டெய்விஸ் சிடியை வாங்கி மேசையில் மீன் மேலே தெரியும்படி வைத்தான். முழங்கையால் அழுத்திக்கொண்டான்.

“பேரு தெரியக் கூடாதுல்ல கொம்பாத்ரே,” என்றான்.

கத்தி முனையை மீனின் கண்ணில் வைத்து இழுத்தான். கிரீச் என்ற சத்தத்தோடு வெள்ளித்தகடு சுருண்டு எழுந்தது.

“ஐயோ!” யாமித் அலறினான். “அந்தப் பக்கம் வேண்டாம்! டெய்விஸ், அந்தப் பக்கம் வேண்டாம்டா! கும்பிடுறேன், விரலை எடுத்துக்க, கையை எடுத்துக்க, அதைத் தொடாத!”

டெய்விஸ் சுரண்டுவதை நிறுத்தாமல் தலையை மட்டும் தூக்கி அவனைப் பார்த்தான்.

“என் விரலுக்கு வராத சத்தம், இதுக்கு மட்டும் எப்படி வருது பாரு,” என்றான்.

கும்பிட்ட கைகளை யாமித் கீழே இறக்கினான்.

ரெம்பெர்த்தோவுக்கு நடப்பது புரிய இன்னும் ஒரு நொடி ஆனது. சிடியில் பாட்டு எந்தப் பக்கம் இருக்கிறது என்று அவருக்கு இன்றைக்குத்தான் சொல்லியிருந்தார்கள். புரிந்ததும் காளை மாதிரிப் பாய்ந்தார். டெய்விஸ் கத்தியை வீசினான், இந்தத் தடவை கூர்ப்பக்கத்தால். கன்னம் வாயிலிருந்து காதுவரை திறந்துகொண்டது. ரெம்பெர்த்தோ இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். விரலிடுக்கில் ரத்தமும் எச்சிலும் வழிய, பொம்மையைப் பார்த்து ஏதோ உளறினார். பொம்மை அசையவில்லை. சற்றுமுன் ஒரு கையைப் பிடித்த தன் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றான்.

டெய்விஸ் மறுபடி குனிந்து மிச்சத்தையும் சுரண்டினான். விளிம்பிலிருந்து நடு ஓட்டைவரை, ஒரு இடம் விடாமல். முடித்ததும் கத்தியைத் தூக்கி எறிந்தான். சுட்டிக்குப் பக்கத்தில் கிடந்த விரலை எடுத்து, சிடி சுற்றியிருந்த பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டான். பொம்மை இரும்புக் கதவைத் தூக்கிவிட்டான். வெளியே வெயில் கொளுத்தியது. இரண்டு பேரும் ஆஸ்பத்திரிப் பக்கம் நடந்தார்கள். கொஞ்ச நேரம் கழித்து ரெம்பெர்த்தோ சுவரைப் பிடித்து எழுந்து, யாரையும் பார்க்காமல், லாரி பக்கம் தள்ளாடிப் போனார்.

யாமித் மேசைமேல் கிடந்த வெள்ளித் துகள்களை உள்ளங்கையில் கூட்டினான். கண்ணாடி மாதிரி ஆகிவிட்ட சிடியைத் துணியால் துடைத்து இயந்திரத்துக்குள் வைத்தான். ஒன்றும் வராது என்று அவனுக்குத் தெரியும். இயந்திரம் சுழன்றது, முனகியது, நின்றது. மறுபடி சுழன்றது. பதினாறாவது தடவைவரை அவன் திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.